முதிர்ந்த செய்மதியும் கடலின் அளவும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையும் றப்பர் மரமும் சூழ்ந்த கஹவத்தையிலே கடலைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால், இவனுக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் பேச வந்தது கடலை அளக்கும் கருவியைப் பற்றி. அளவின் அருமையைத் தோட்டத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்துத் தராசு அரைக் கிலோ குறைத்துக் காட்டினால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். அறவே உடைந்த தராசினால் அவ்வளவு கேடில்லை. அதனை எல்லோரும் காண்பர். சிறிது சிறிதாகத் தேய்ந்து, சரியாக நிறுப்பது போலவே தொங்கும் தராசுதான் கூலியைத் தின்பது.

கடல் மட்டத்தை அளக்கும் செய்மதியும் அத்தகைய தராசே. அது ராடார் அலையைக் கடலை நோக்கி அனுப்பி, பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கிறது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013 பெப்ரவரி 25இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ‘சரல்’ ஏறக்குறைய 800 கிலோமீற்றர் உயரத்திற்குச் சென்றது. அங்கிருந்து அலை போய்வர ஒரு விநாடியின் 200இல் ஒரு பங்கு நேரம் போதும். அதிலே சென்ரிமீற்றர்க் கணக்கைக் காண வேண்டும்! வழியில் நீராவியும் அலையைத் தாமதப்படுத்தும். ஈரமிக்க நமது வெப்பவலயக் கடல்களின் மேல் அத்தாமதம் 30, 40 சென்ரிமீற்றர் வரை பிழை காட்டவல்லது. ஆகவே நீராவியை அளக்க வேறொரு கருவியும் உடன் செல்கிறது. அது மூப்படைந்தால், கடல் அசையாதிருக்கவும் கணக்கிலே கடல் ஏறும், இறங்கும்.

இது வெறும் நுணுக்கமன்று. உலகக் கடல் மட்டம் 1993 முதல் மூன்று தசாப்தங்களில் சுமார் 10 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. ஆண்டுக்குச் சராசரி 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இக்கணக்கின் முதற் பகுதியைத் தந்தது 1992 ஓகஸ்டில் ஏவப்பட்ட ‘ரோப்பெக்ஸ்–பொசைடன்’. அதன் ராடார் கருவி தேயத் தொடங்கியமையால் 1999 பெப்ரவரியில் மாற்றுக் கருவிக்கு மாறினர். அதற்கு முன் பதிந்த ஆறாண்டு அளவுகளை என்செய்வது? துறைமுகங்களில் உள்ள நீர்மட்டக் கருவிகளோடு ஒப்பிட்டனர். அங்கும் ஒரு சிக்கல்: கரை தாழ்ந்தால் கருவியும் உடன் தாழும். அதையும் கழித்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வு, அந்த ஆண்டுகளின் உயர்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் மிகையாகக் காட்டப்பட்டதென்றது. தொடக்கம் மிகையாக இருந்தமையால் பிந்திய ஆண்டுகளின் வேகம் மறைந்து கிடந்தது. திருத்திய பின்னரே, கடல் வரவர விரைந்து ஏறுவது தெளிந்தது.

அதற்காக முதிர்ந்த கருவியைத் தள்ளிவிடலாமா? 2004 டிசெம்பர் 26இல், பூகம்பத்திற்கு இரண்டு மணி நேரத்தின் பின், அதே செய்மதி தன் பதின்மூன்றாம் வயதில், இளைய ‘ஜேசன்–1’ உடன் வங்காள விரிகுடாவைக் கடந்தது. ஆழ்கடலில் சுமார் 60 சென்ரிமீற்றர் உயரமே கொண்ட சுனாமி அலையை இரண்டும் பதிந்தன. எச்சரிக்கைக்கு அப்பதிவு உதவவில்லை. நமது கரையில் உயிர்கள் போன வேளையும் அதுவே. ஆயினும் சுனாமி ஆழ்கடலில் எவ்வாறு செல்கிறதென்று கற்க அது பெரும் துணையாயிற்று.

சரலுக்கும் மூப்பு வந்தது. அதனை நிமிர்த்தி நிறுத்தும் சுழற்சக்கரங்கள் தளரவே, 35 நாட்களுக்கு ஒருமுறை அதே தடத்தில் வரும் ஒழுங்கைக் காக்க முடியவில்லை. 2016 ஜூலை 4 முதல் அதைத் தடம் பிடிக்காமல் மிதக்கவிட்டனர். நஷ்டம் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் முன்பு அளக்காத இடங்களின் மேலும் அது சென்றமையால், கடலடித் தரையின் மேடுபள்ளங்களை அறிவதற்குப் புதிய அளவுகள் கிடைத்தன. (மழைத்துளி அதன் அலையை வெகுவாகக் கெடுக்குமென்று முன்னர் அஞ்சியிருந்தனர், அஞ்சிய அளவுக்கு இழப்பு நேரவில்லை.)

இத்தகைய செய்மதியைக் கண்காணிப்போர் செய்வது பொறுமையான வேலை. வடக்கே ஏறும் தடமும் தெற்கே இறங்கும் தடமும் ஒரே இடத்தில் வெட்டும்போது, சில நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் பெரும்பாலும் ஒத்துவர வேண்டும். வேற்றுமை பெருகினால் கருவியை ஐயுறுவர். பிற செய்மதிகளின் கணக்கோடு ஒப்பிடுவர். திரும்பிவந்த அலையின் வடிவத்தைக் கொண்டு செய்மதி எவ்வளவு சாய்ந்திருந்ததென்றும் அறிவர். இவற்றையெல்லாம் சுற்றுக்குச் சுற்று அறிக்கையாக எழுதி வைக்கின்றனர். எத்தனை அளவுகள் வரவில்லை, எந்த நாளில் எந்த வேளையில் செய்மதி சாய்ந்தது, எவற்றைக் கணக்கில் கொள்ளலாகாது என்பனவெல்லாம் அங்கே இருக்கும். அடுத்த முப்பது ஆண்டுக் கணக்கைப் போடப்போகிறவர் முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான்.