கணினியில் பிடித்த பொம்மை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ் மேடையில் டைனோசர் பொம்மையைப் பற்றிப் பேச்சா என்று செயலாளர் அவர்கள் புன்னகை புரிந்தார்கள். நாம் வாழும் இந்த ஜபல்பூரின் படா சிம்லாக் குன்றில்தான் 1828-ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்லீமன் டைனோசர் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1877-இல் லிடெக்கர் அவ்விலங்கிற்கு ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். ஆயினும் நம் குழந்தைகளின் கையில் இருப்பதோ அமெரிக்க நாட்டு டைரனோசாரஸ்!

எங்கள் மூத்த மகன் ரயில்வே தேர்வுக்குப் படிப்பதாகக் கூறி, இரவெல்லாம் கணினியின்முன் அமர்ந்திருந்தான். ஒருநாள் எட்டிப் பார்த்தோம். திரையில் களிமண் உருண்டை போன்ற ஓர் உருவம். அதை அவன் பேனா போன்றதொரு கருவியால் இழுத்தும் அழுத்தியும் வடித்துக்கொண்டிருந்தான். ‘ஜீபிரஷ்’ என்னும் மென்பொருளாம். எங்களுக்குக் கோபந்தான் வந்தது.

அவன் வடித்தது ராஜசாரஸ். குஜராத்தில் 1980-களில் எலும்புகள் கிடைத்து, 2003-இல் பெயர் பெற்ற ஊனுண்ணி. தலையில் ஒரு சிறு கொம்பு உண்டு. முதலில் எலும்பின் அளவு, அதன்மேல் தசை, கடைசியில் தோல். முன்கை எலும்புகள் கிடைக்காமையால், மடகாஸ்கரில் வாழ்ந்த உறவு விலங்கான மஜுங்காசாரஸைப் பார்த்து அமைத்தான். “இது ஊகம் அப்பா” என்று அவனே சொன்னான்.

உருவம் முடிந்ததும் வேலை முடியவில்லை. தொழிற்சாலையில் எஃகு அச்சு இரு பாதியாகத் திறக்கும். உட்புறம் வளைந்த பாகம் இருந்தால் பொம்மை சிக்கிக்கொள்ளும். இதை முதலில் புரிந்துகொண்டவர் எங்கள் வீட்டு அம்மாள்தான். இட்லித் தட்டின் குழி வாய் விரிந்திருப்பதால்தானே இட்லி உடையாமல் வருகிறது! ஆகவே கீழ்த்தாடை, கால்கள், வால் ஆகியவற்றைத் தனித்தனியே வெட்டி, ஒன்றோடொன்று பொருந்த முளையும் துளையும் வைத்தான். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குமாதலால், அச்சைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். பற்களையும் நகங்களையும் மழுக்கினான். 2021 முதல் பொம்மைகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்றே.

பிறகுதான் வில்லங்கம் வந்தது. பொம்மை இரண்டு காலில் நிற்கவில்லை. ‘வாலைத் தரையில் ஊன்றிவிடுங்கள், இல்லையேல் வேண்டாம்’ என்று தொழிற்சாலையிலிருந்து எழுதினார்கள். அந்தக் காலத்துப் பொம்மைகள் அப்படித்தான் நின்றன. ஆனால் அவ்விலங்குகள் வாலைத் தூக்கியே நடந்தன என்பது இன்றைய அறிஞர் முடிவு. “சொன்னபடி செய்துவிடு” என்று நாங்கள் வற்புறுத்தினோம். மேலதிகாரியின் குறிப்புக்கு இணங்கியே பழகிய குடும்பமல்லவா! அவன் இணங்கவில்லை.

மூன்று இரவுகள் உழைத்தான். கழுத்தைப் பின்னே வாங்கி, ஒரு காலை முன்வைத்து, பாரம் இரு பாதங்களுக்கும் நடுவே விழும்படி மாற்றினான். மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்தால் நம்மூர் மே மாத வெயிலில் கால் மடங்கிவிடும் என்று, காலுக்கு மட்டும் கெட்டியான வகையைக் குறித்து அனுப்பினான்.

முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரி இப்போது எங்கள் வீட்டு அலமாரியின்மேல், வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தொழிற்சாலையின் பதில் இன்னும் வரவில்லை. ரயில்வே தேர்வின் நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. அதையும் அந்த அலமாரியிலேயே வைத்திருக்கிறான். எழுதப் போகிறாயா என்று நாங்கள் கேட்கவில்லை.