மதம் மாறியவர்களும் மூன்றாம் பத்தியும்



சாதி ஒழிப்பு பேசுகிறவர்களுக்கு மதம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மதம் நம்மை என்ன பாடுபடுத்தியது என்று தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. நான் அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். நம் மக்கள் மதத்தைக் கொண்டு என்ன செய்தார்கள்?

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். நாம் பூர்வ பௌத்தர்கள், பறிகொடுத்ததை மீட்கிறோம் என்பதுதான் அவருடைய வாதம். புதிதாகச் சேர வருகிறவன் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவன் யாரைக் கேட்க வேண்டும்?

1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். நாம் கொண்டாடும் பண்டிகைகளுக்கெல்லாம் பௌத்த விளக்கம் எழுதினார். தீபாவளி அவருக்கு நரகாசுரன் செத்த நாள் அல்ல. எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் இன்று ஒரு வரலாற்று மாணவர் ஏற்க மாட்டார், நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் கைவைத்த இடம் சரியான இடம். பண்டிகை, கல்யாணம், சாவு: சாதி சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பது இங்கேதான். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் நம்மில் பலருடைய புரட்சி அவிழ்ந்துபோவதும் இங்கேதான்.

கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கக் கிளைகள் எழுந்தன. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை நூல்களாக்கியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. ‘தமிழன்’ இதழை 1920களில் அப்பாதுரையார் அங்கிருந்து மறுபடி நடத்தினார். பல்கலைக்கழகங்கள் பண்டிதரைக் கண்டெடுத்தது மிகப் பிந்தி. அதுவரை அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு.

அதே 1907இல்தான் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசுவின் பௌத்த நூலும் வெளிவந்தது. 1948இல் அதை முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். நாக்பூருக்குப் போன பாதையில் சென்னையும் இருக்கிறது.

இந்துவாகச் சாக மாட்டேன் என்று பாபாசாகேப் 1935இல் யேவலாவில் அறிவித்தார். 1956 அக்டோபர் 14இல் பௌத்தம் தழுவினார். நடுவில் 21 ஆண்டுகள். அன்று மக்களுக்கு அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளைப் படியுங்கள். சிராத்தம் செய்ய மாட்டேன், பார்ப்பனரை வைத்துச் சடங்கு நடத்த மாட்டேன் என்பவை தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. பண்டிதர் கைவைத்த அதே இடம்.

மதம் அவரவர் சொந்த விஷயம் என்று நமக்குப் பாடம் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்கு இதில் என்ன வேலை? பட்டியல் சாதி உரிமையை அது இந்து மதத்தோடு சேர்த்துக் கட்டியது. சீக்கியருக்கு அந்தக் கட்டு 1956இல் அவிழ்ந்தது. நாக்பூரில் பௌத்தரானவர்கள் மத்திய அரசின் பட்டியலுக்குள் வர 1990 வரை காத்திருந்தார்கள், 34 ஆண்டுகள். அன்று கைக்குழந்தையோடு உறுதிமொழி எடுத்த தாயின் பிள்ளைக்கு, அது வந்தபோது வேலைக்குச் சேரும் வயதே தாண்டியிருக்கும்.

தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அரசு சொல்லும் காரணம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் நிற்கிறதே, அதை அதிகாரிகள் போய்ப் பார்க்கட்டும். அந்தச் சுவருக்குத் திருச்சபையும் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் திருச்சபையின் குற்றத்துக்கு அரசு தண்டிப்பது சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவரை.

பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

நான் சொல்லும் தடை அந்த ஆணையின் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. சிறிய பத்திதான். பிரதிகள் வாசல் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. தேநீருக்குப் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள். கேள்விகளை அதிலிருந்து தொடங்குவோம்.