எழுத்து வேறு, உரு வேறு

எழுத்து என்பதற்கு நம் இலக்கணக்காரர் இரண்டு நிலை கூறுவர். செவிக்குப் புலனாவது ஒலிவடிவம். கண்ணுக்குப் புலனாவது வரிவடிவம். பள்ளிக்கூடத்தில் மாணவன் மனனம் செய்து ஒப்புவித்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பாகுபாடு இது. ஆனால், கணினி என்னும் பொறி தமிழைத் தன் திரையில் ஏற்ற முற்பட்ட காலத்தில், இந்தப் பழைய பாகுபாடே பெரியதொரு கேள்வியாக எழுந்து நின்றது. அதற்கு விடை காண ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்திலே கணினியில் எழுதப்பட்ட தமிழில் ஒரு பகுதி இன்று வாசிப்பாரின்றிக் கிடக்கின்றது. அது ஏன் என்பதையும், அதனை மீட்க நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் தனியாள் கணினியை 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்டனர். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு அப்பொழுது இரண்டு மாதங்களே கடந்திருந்தன. ஏட்டிலும் தாளிலும் இருந்த தமிழை நாம் இழந்து நின்ற அதே ஆண்டில், இனி எழுதப்படுவனவற்றையெல்லாம் தாங்கப்போகின்ற பொறி உலகின் மறுகோடியில் பிறந்தது. ஆயின், அப்பொறி தமிழை எதிர்பார்த்து ஆக்கப்பட்டதன்று.

அதன் திரை எவ்வாறு எழுதிற்று என்று பார்ப்போம். சிறுவர் கணக்குச் செய்யும் சதுரக்கோட்டுக் கொப்பியை மனத்திலே கொள்ளுங்கள். குறுக்கே 80 கட்டங்கள், கீழ்நோக்கி 25 வரிசைகள். ஆக 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உரு மாத்திரமே நிற்கலாம். பொறியின் நினைவகத்திலே எழுத்தின் வடிவம் இருப்பதில்லை. ஓர் எண்ணே இருக்கும். ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்துக்கு எண் 65. அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை, தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பப்பட்ட ஒரு சில்லு எடுத்துக் கொடுக்கும். அச்சில்லிலே 256 வடிவங்கள் இருந்தன. அவற்றை மாற்றவோ கூட்டவோ பாவிப்பவருக்கு வழியில்லை.

வடிவங்களும் புள்ளிகளால் ஆனவையே. முற்றத்திலே புள்ளியிட்டுக் கோலம் போடுவதுபோல, ஒளிப்புள்ளிகளை இட்டு எழுத்தைக் காட்டினர். வண்ணத் திரைக்கு உரிய கட்டம் அகலத்தில் 8 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. ஒற்றை நிறத் திரைக்கு உரியது 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் கொண்டது. ஆங்கில எழுத்துக்கள் இந்த அறைக்குள் ஒருவாறு அடங்கின. தமிழ் அடங்கிற்றா? மூன்றுசுழி ணகரத்தை எட்டுப் புள்ளி அகலத்துக்குள், பக்கத்து எழுத்தோடு ஒட்டாதவாறு வரைந்து பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டுசுழி னகரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். மேலே மெய்ப்புள்ளிக்கு ஒரு வரி, கீழே உகரக் குறிக்கு இரண்டு வரி என்று ஒதுக்கினால் எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது ஐந்தே வரி. தமிழைக் காட்டுவதானால் கட்டத்தைப் பெருப்பிக்க வேண்டும். அல்லது கட்டத்தையே விட்டுவிட வேண்டும்.

‘தமிழுக்கு 247 எழுத்து, அதனாலேயே இடர் வந்தது’ என்று சொல்வாருளர். அஃது அரைகுறை உண்மை. எழுத்துத்தொகையை அடக்கியாளும் கலையை நம்மவர் முன்பே கற்றிருந்தனர். சுண்டிக்குளியிலே பிறந்து மலாயா நாடு சென்ற ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வகுத்தபோது, 247 விசைகளை அமைக்கவில்லை. நகரா விசை என்ற உபாயத்தைக் கையாண்டார். மெய்ப்புள்ளி போன்ற குறியைத் தட்டினால் அது தாளிற் பதியும், உருளை நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து குறியோடு சேரும். தாள் இரண்டு அச்சையும் பொறுத்துக்கொண்டது. கணினித் திரையின் கட்டமோ பொறுக்கவில்லை. இரண்டாவது உரு வந்தவுடன் முதலாவது அழிந்துவிடும். தட்டெழுத்துப் பொறி ஏற்றுக்கொண்ட உபாயத்தை, அதனிலும் புதிய பொறி ஏற்க மறுத்தது. இதுவே உண்மையான இடர்.

இவ்விடரைக் கடக்கச் சிலர் கட்டத்தை விட்டு வெளியேறினர். திரைக்கு எழுத்து முறை ஒன்றும் வரைவு முறை ஒன்றும் உண்டு. வரைவு முறையிலே கட்டங்கள் கிடையா. 640க்கு 200 என்ற கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே நம் ஆணைக்கு உட்படும். எழுத்தைப் படமாகத் தீட்டலாம். ஆனால், அதற்கு விலை உண்டு. எழுத்து முறையில் ஒரு திரைக்கு 4000 பைற் போதும். வரைவு முறையில் 16,000 பைற் வேண்டும். அன்றைய பொறி ஒவ்வோர் எழுத்தையும் ஓவியனைப்போல ஆறுதலாகவே தீட்டிற்று.

இந்த இடர் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. தாய்லாந்து நாட்டவரான வான் சுவன்னுகூல் என்பவர், தம்முடைய மொழியின் எழுத்தைத் திரையிலே தெளிவாகக் காண விரும்பி ஒரு வரைவு அட்டையை ஆக்கினார். 1982 இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டை அதுவே. 720க்கு 348 புள்ளிகளைக் காட்டிய அவ்வட்டை பின்னர் உலகெங்கும் பரவிற்று. தன் மொழியை எழுத வேண்டுமென்ற ஒருவரின் ஆசை எல்லாருக்கும் பயன்பட்ட வரலாறு இது. தமிழிலே, கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1984 இல் ‘ஆதமி’ என்ற எழுதுகருவியை ஆக்கினார். அடுத்த ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செயலியைத் தொடக்கினார். இந்தியாவிலோ, கான்பூர் தொழில்நுட்பக் கழகத்திலே தொடங்கிப் புனே நகரத்துச் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை, இந்திய மொழிகளின் எழுத்துக்களைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது.

1992 இல் விண்டோஸ் 3.1 வந்தபின் நிலை மாறிற்று. திரை முழுவதும் வரைவு முறைக்குள் வந்தது. எவரும் எழுத்துரு ஆக்கலாம். அதனைக் கணினியில் ஏற்றலாம். நம்மவர் ஓர் எளிய வழியைக் கண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே விட்டு, வடிவத்தை மாத்திரம் தமிழாக மாற்றினர். இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பெரிதும் வழங்கிய ‘பாமினி’ எழுத்துரு இத்தகையது. அதிலே ‘தமிழ்’ என்று எழுதுவதற்கு ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி ஆகியவற்றைத் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ. நாடகத்திலே அரசன் வேடம் பூண்டவனைப் போன்றது இது. வேடம் இருக்கும்வரை அரசன். ஒப்பனை கலைந்தால் யாரோ ஒருவன்.

அன்றியும், வேடங்கள் ஒன்றல்ல. எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கென ஒவ்வோர் ஒழுங்கை வகுத்துக்கொண்டன. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குவியலே காணப்படும். வரிவடிவம் இருந்தது, எழுத்து இல்லை.

இதற்கு விடையாக வந்தது யுனிக்கோட் என்னும் ஒருங்குறி. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ககரத்துக்கு ஓர் எண், எகரக் குறிக்கு ஓர் எண். ‘கெ’ என்று எழுதும்போது, கண்ணுக்குக் கொம்பு முன்னே தோன்றினாலும், நினைவகத்திலே ககரமே முன் நிற்கும். ஒலிக்கும் முறைப்படி எழுத்து நிற்கின்றது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது திரையின் வேலை. இலக்கணக்காரர் பிரித்துக் காட்டிய இரு வடிவங்களும் பொறியிலும் பிரிந்து நின்றன. ஆயினும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே தமிழ் ஒருங்குறி பொதுமக்களின் மேசைக்கு வரத் தொடங்கிற்று.

இனி, இதனை நான் ஏன் மயிலிட்டியில் இருந்துகொண்டு பேசுகிறேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் மக்கள் 1990 ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்தனர். துறைமுகத்தை அண்டிய பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலேயே. இருபத்தேழு ஆண்டுகள் ஊர் நிலத்தில் இருக்கவில்லை. மக்களின் நினைவிலும் எழுத்திலுமே இருந்தது. இறந்தோருக்கு எடுத்த கல்வெட்டுகள், ஆண்டு மலர்கள், சங்க அறிக்கைகள், கோயில் உபயகாரர் பட்டியல்கள், ஒழுங்கைகளின் பெயர்கள், வள்ளங்களின் பெயர்கள், யார் வளவில் எந்தக் கிணறு என்ற குறிப்புகள் — இவற்றுட் பல கொழும்பிலும் பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த கணினிகளில் எழுதப்பட்டன. அவை எழுதப்பட்டது வேடத் தமிழின் காலத்திலே.

அண்மையில் பழைய மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் கல்வெட்டுக் கோப்பைக் கொண்டுவந்தார். அச்சுப் பிரதி கிடையாது. திறந்தபோது வந்தவை ஆங்கில எழுத்துக்களின் குவியல். பாமினி எழுத்துருவை ஏற்றியவுடன் வம்சாவளி முழுவதும் திரையிலே எழுந்தது. அவர் தம் பேத்தியார் பெயரைக் கண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். அவர் கொண்டுவந்த மற்றொரு கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதென்று இன்றுவரை எமக்குத் தெரியவில்லை. அது அழியவுமில்லை, வாசிக்கவும் முடியவில்லை.

ஆதலின் நேயர்களே, உங்களிடம் அத்தகைய பழைய கோப்புகள் இருப்பின், அவற்றோடு உரிய எழுத்துருவையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள். அச்சுப் பிரதி இருந்தால் எறியாதீர்கள். பெயரறியாத எழுத்துருவைக் கண்டறிய அதுவே திறவுகோல். கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுங்கள், மூலத்தையும் விட்டுவையுங்கள். மாற்றிய பின்னர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்துங்கள். பாமினியிலே ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் உரு ஒன்றே. ஆதலால் ‘கௌரி’ என்ற பெயர் எகரமும் ளகரமுமாகப் பிரிந்துபோகக்கூடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நாளை அப்பெயரைத் தேடும் பேரப்பிள்ளைக்கு அது அகப்படாது போய்விடும்.

இவ்வேலைக்குக் கணினி வல்லுநர் மாத்திரம் போதாது. எந்த ஒழுங்கையில் எவர் இருந்தார், எந்தப் பெயரை எவ்வாறு எழுதினர் என்று அறிந்த முதியோரும் அருகே இருக்கவேண்டும். பொறி எழுத்தை மாற்றித் தரும். அது சரியான பெயரா என்று சொல்லவல்லவர் அவர்களே. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்து முடிப்போமாக.