முட்டுநிலையும் வில்லை வலையும்

  

திருச்சிராப்பள்ளியினின்று கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை ஒற்றைத் தடம். எதிரெதிர் வரும் வண்டிகள் நிலையங்களில்தாம் ஒன்றுக்கொன்று வழிவிடல் வேண்டும். இத்தகைய பாதைகளில் முன்னாளில் ஓட்டுநர் கையில் ஒரு வில்லையை அளிப்பர். அது கைக்கு வாராமல் அவர் அடுத்த நிலையத்திற்கு வண்டியைச் செலுத்தலாகாது. இரு நிலையங்கட்கு இடையே ஒரே வண்டி. ஆகலின் மோதல் இல்லை.

மோதல் இல்லையாயின் முடக்கமும் இல்லை என்று கொள்ளற்க. இரண்டே தடங்களுள்ள ஒரு நிலையத்தைக் கருதுக. வடக்கு நோக்கிய இரு வண்டிகள் அவ்விரு தடங்களிலும் நின்றுவிட்டன. வடக்கினின்று வந்த மூன்றாம் வண்டி நிலைய வாயிலில் நிற்கின்றது. அது நுழைய இடமில்லை. அது நுழையாமல் இவை புறப்பட வழியில்லை. ஓட்டுநர் மூவரும் நெறி பிறழாதவர். வண்டி மூன்றும் பழுதற்றவை. ஆயினும் ஒன்றும் முன்னேறாது. இதுவே முட்டுநிலை. இது நேராவண்ணம் ஒரு தடத்தை வறிதாக வைத்திருப்பது நிலையத்தாரின் பட்டறிவு.

பொறிகட்கு அவ்வறிவை யார் ஊட்டுவது? பலவகை உறுப்புகளைக் கணிப்பொறிக் கட்டளையால் மாற்றி மாற்றிச் செய்து தருவது நெகிழ்வுத் தொழிலகம். அங்கே ஒரு கடைசற்பொறியும் ஒரு தானியங்கு வண்டியும் உள்ளன என்க. பொறியில் முடிந்த உறுப்பு, வண்டி வந்து எடுப்பதற்குக் காத்திருக்கின்றது. வண்டியோ புதிய கட்டியை ஏந்தி, பொறி ஒழிவதற்குக் காத்திருக்கின்றது. இரண்டும் காலமெல்லாம் காத்திருக்கும். வேலை நின்றதும் மேலாளர் சினம் பணியாளர்மேல் பாயும். குற்றம் பணியாளரிடத்ததன்று, திட்டத்தினது.

இதனைத் தாளிலேயே முன்கூட்டிக் காண ஒரு வழியுண்டு. செருமானிய அறிஞர் கார்ல் ஆடம் பெத்திரி 1962-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அடித்தளமிட்ட வலைமுறை அது. வட்டம் நிலையைக் குறிக்கும். கோடு நிகழ்வைக் குறிக்கும். வட்டத்துள் இடும் புள்ளியே வில்லை. ஒரு நிகழ்வுக்கு வேண்டிய வட்டங்கள் அனைத்திலும் வில்லை இருந்தாலன்றி அது நிகழாது. இருப்புப்பாதை வில்லைக்கும் இதற்கும் ஆங்கிலத்திலும் ஒரே பெயர்தான்!

மேற்கண்ட தொழிலகத்தை வலையாக வரைந்து வில்லைகளை நகர்த்தினால், எந்நிகழ்வும் நிகழவொண்ணாத நிலையொன்று வெளிப்படும். அதனைத் தடுக்க ஒரு வட்டமும் ஒரு வில்லையும் கூட்டினாற் போதும். புதிய கட்டியை ஏற்றுமுன் வண்டி அவ்வில்லையை எடுக்க வேண்டும்; முடிந்த உறுப்பு பொறியினின்று வெளியேறிய பின்னரே வில்லை மீளும். இடையில் வண்டி சற்றுச் சும்மா நிற்கும். அவ்விழப்பு பொறுக்கத்தக்கது.

பெரிய தொழிலகத்தில் இத்துணை எளிதன்று. மும்மூன்று நிலைகளுள்ள இருபது பொறிகள் தனித்தனியே இயங்கினால் மொத்த நிலைகள் 348 கோடிக்கு மேல்! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து விசுவநாதம், நரகரி இருவரும் சான்சன் என்பாருடன் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடர்ப்பாட்டை நேரே எதிர்கொண்டது. சிறு தொழிலகத்திற்கு எல்லா நிலைகளையும் வரைந்து முன்தடுத்தல் ஏற்றது. பெரியதற்கு, ஓடும்போதே சில அடிகள் முன்னோக்கி ஒவ்வொரு நகர்வையும் ஒப்பும் முறை ஏற்றது என்று அவர்கள் காட்டினர். அமெரிக்காவின் ஈரி நகரில், இருப்புப்பாதைப் பொறிவண்டிகள் செய்த பெருந்தொழிலகத்தின் நெகிழ்வுத் தொகுதியையே அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டனர்.

1995-இல் எசுப்பானிய அறிஞர் எசுபெலேத்தாவும் தோழரும் வேறு வழி கண்டனர். ஒருமுறை வற்றினால் மீண்டும் ஊறாத ஊருணியைப்போல, வில்லை தீர்ந்தால் மீண்டும் நிறையாத வட்டக் குழுக்கள் வலையில் உள. நிலைகளை எண்ணாமல் அக்குழுக்களைக் கண்டறிந்து, அவை வற்றாவண்ணம் காவல் வட்டம் அமைப்பதே அவர்தம் முறை. வலை பெருகப் பெருக அக்குழுக்களும் பெருகும் என்பது அதன் குறை. பொறியொன்று பழுதுற்று நின்றால் வலையே மாறிவிடும்; அப்போது காவல் வட்டங்களையும் மீண்டும் கணித்தல் வேண்டும்.