பட்டாளத்திற்குச் சென்ற நம் முன்னோர்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டாளத்திற்குச் சென்ற பாட்டனாரைப் பற்றிய பேச்சு நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. எம் பாட்டனாரின் தந்தையார் முதல் உலகப் போரிற் சுபேதாராக விளங்கி, மெசபொட்டேமியாவில் துருக்கியரொடு பொருதார் என்று யாமும் கேட்டு வளர்ந்தோம். அதனை இம்மேடையிலேயே முன்பு பெருமையொடு கூறியதும் உண்டு.

பின்னர், பரணிற் கிடந்த பழம்பெட்டியில் ஒரு பதக்கம் அகப்பட்டது. அப்போரின் பொருட்டு ஆங்கில அரசு அளித்த பதக்கத்தின் விளிம்பில், பெற்றாரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பெற்றிருக்கும். போர்வீரர்க்கு வெள்ளி, கூலிப்படை, சுமைப்படை ஆகியவற்றில் உழைத்தார்க்கு வெண்கலம். எம் கையில் இருந்ததோ வெண்கலம். விளிம்பிற் கண்ட சொல்லும் சுமைப்படையே.

எம் அன்னையார், “இது நம் வீட்டோடு இருக்கட்டும்” என்றார். அவர் இன்று இவ்வவையில் இருக்கின்றார். அவர்தம் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றோம்.

அன்பர்களே! இதில் நாணுதற்கு யாதுளது? சுமப்பார் இன்றேல் படைக்கு உணவும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் அப்போரிற் கடல் கடந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். நடுகல்லின்கண் வீரனுடைய பெயரும் பீடும் எழுதுவது நம் பண்டைமுறை. தொல்காப்பியமும் கல் காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக அதனை வகுத்துரைக்கும். ஆனால் 1929-இல் பாஸ்ராவிற் திறக்கப்பெற்ற நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களே இடம்பெற்றன. ஏனைய இந்திய வீரர் வெறும் தொகையாகவே குறிக்கப்பெற்றனர். இக்குறையைப் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டிற்று. கல்லில் எழுதாத பெயரை நாமும் பொய்ப்பதவியால் மறைத்தல் தகுமோ?

சென்னைப் படைக்கு 1881 முதல் 1885 வரை தலைவராயிருந்த இராபர்ட்ஸ் என்பார், தென்னாட்டார் போர்க்குணம் குன்றியவர் எனக் கருதினார். அக்கருத்து வலுப்பெறவே இந்நாட்டாரைப் படையிற் சேர்த்தல் குறைந்தது. இன்ன குலம் வீரக்குலம், இன்னது அன்று என்னும் பிரிவு ஆள்வோர் தம் வசதிக்கு வகுத்தது. அவ்வளவுகோலைக் கொண்டு நம் குலத்தை நாமே உயர்த்திக் காட்ட முற்படுதல் அறியாமையாகும்.

ஆராயப் புகுவார்க்குச் சில கூறுவோம். முதற்கண் வீட்டிலுள்ள பதக்கம், விடுப்புச் சான்று, ஓய்வூதியத் தாள் ஆகியவற்றைத் தேடுக. படைப்பிரிவின் பெயரும் எண்ணும் கிடைத்தாலன்றி மேற்செல்லல் அரிது. பின்னர் எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தையும், இலண்டன் பிரித்தானிய நூலகத்திலுள்ள இந்தியா ஆபீசு ஏடுகளையும் நாடலாம். ஒரே பெயரை ஆங்கில எழுத்தர் பலவாறு எழுதியிருப்பர். ழகரம் அவர்கள் கையிற் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. கும்பெனியார் காலத்து ஏடுகளில் ‘மலபார்’ என்றிருப்பின், அது தமிழரைக் குறித்தலும் உண்டு. ஊரும் தந்தை பெயரும் ஒத்துவரும் வரை, பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு எவரையும் நம் முன்னோராக்கிக் கொள்ளற்க.

சுபேதார் ஆயினும், சமையற்காரர் ஆயினும், தண்ணீர் சுமந்தவர் ஆயினும், உண்மையை எழுதி நம் இதழுக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம். முதற்பெயராக எம் முன்னோரின் பெயரை, சுமைப்படையினர் என்னும் குறிப்பொடு, இன்று செயலாளரிடம் அளிக்கின்றோம். அதனை எழுதித் தந்தவர் எம் அன்னையாரே.