மழைக்குப் பின் ஒரு நிலம்



'மழைக்குப் பின்' என்ற சொற்களைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன யாவை? தூசி அடங்கிய தெரு, துளிர் விடும் மரம், நிறைந்து ததும்பும் ஏரி. மழையை உயிரின் ஊற்றாகப் போற்றிப் பழகியவர்கள் நாம். ஆனால், மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்னும் ஓவியர் 'மழைக்குப் பின் ஐரோப்பா' என்று பெயரிட்டுத் தீட்டிய நிலக்காட்சியில் துளிர் ஒன்றையும் காண முடியாது. அது போர் என்னும் மழையில் ஊறி அழுகிய நிலம்.

எர்ன்ஸ்ட் 1891-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் கொலோன் நகருக்கு அருகிலுள்ள ப்ரூல் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். 1922-இல் பாரிஸில் குடியேறினார். 1924-இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையுடன் உருப்பெற்ற ஸர்ரியலிஸ இயக்கத்தில் முன்னணி ஓவியராக விளங்கினார். அறிவின் காவலை மீறிக் கனவிலும் தற்செயலிலும் வெளிப்படும் உள்ளத்தைக் கலையாக்குவதே அவ்வியக்கத்தின் நோக்கம்.

1937-இல் நாஜிகள் அவர் படைப்பைச் 'சீரழிந்த கலை' என்று காட்சிக்கு வைத்து இகழ்ந்தனர். 1939-இல் போர் மூண்டதும் பிரெஞ்சு அரசு அவரைப் பகை நாட்டவர் என்று காவலில் வைத்தது. பிறந்த நாடும் புகுந்த நாடும் அவரை ஒருங்கே புறந்தள்ளின. 1940-இல் பிரான்ஸில் தொடங்கிய இந்தச் சித்திரத்தை, 1941-இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தபின், 1942-இல் அவர் நிறைவு செய்தார். அப்போது போர் ஓயவில்லை. ஓயாத மழைக்கு 'மழைக்குப் பின்' என்று பெயரிட்டார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

இனி, தீட்டிய முறையைக் காண்போம். தாளில் மைத்துளியை விட்டு, மடித்து அழுத்திப் பிரித்து விளையாடாத சிறுவர் உண்டோ? அது போன்றதே 'டெகால்கோமேனியா' என்னும் உத்தி. துணியின்மேல் நீர்த்த வண்ணத்தைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுத்தால், வண்ணம் உறிஞ்சப்பட்டுப் பவளப்பாறை போலவும், பாசி போலவும், புரையோடிய எலும்பு போலவும் படிகிறது. 1930-களில் ஆஸ்கார் தொமிங்கெஸ் காகிதத்தில் கையாண்ட இம்முறையை எர்ன்ஸ்ட் எண்ணெய் வண்ணத்திற்குக் கொண்டுவந்தார்.

'இதில் ஓவியனின் திறமை எங்கே?' என்று சிலர் வினவக்கூடும். விடை வானத்தில் இருக்கிறது. தற்செயலாகப் படிந்த அந்தக் குழம்பின் மேற்புறத்தை எர்ன்ஸ்ட் தூரிகையால் தெளிந்த நீல வானமாக மூடினார். வானம் தொடங்கும் இடத்தில் பாறையின் விளிம்பு பிறக்கிறது. எதை மறைப்பது, எதை விட்டுவைப்பது என்று தேர்ந்தது அவருடைய கண். அழிவைத் தற்செயல் வரைந்தது. அதனை நிலமாக்கியது ஓவியனின் கை.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமும் அரை மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமும் உடைய இச்சித்திரத்தின் நடுப்பகுதியில் இரண்டு உருவங்கள் தனித்துத் தெரிகின்றன. ஒன்று, ஈட்டி ஏந்திய பறவைத்தலை வீரன். மற்றொன்று, அவனுக்கு முதுகு காட்டி நிற்கும் பெண். பறவை எர்ன்ஸ்டின் சொந்தக் குறியீடு. 'லோப்லோப்' என்ற பறவையைத் தம் மறு உருவமாகவே அவர் பல படங்களில் வரைந்தவர். ஆகவே இவ்வீரனை வெறும் கொடியவன் என்று ஒதுக்கிவிட இயலவில்லை. ஒரு போரில் சிப்பாயாகவும் மறு போரில் கைதியாகவும் இருந்த ஒருவரின் உள்ளம் அதில் பேசுகிறது என்று கொள்ளலாம். பாறை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாமையே இதன் பொருள்: பேரழிவில் மனிதனும் மண்ணும் ஒன்றாகிவிடுகின்றனர்.

இச்சித்திரம் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் வாட்ஸ்வொர்த் அதீனியம் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் அச்சுப்படம் நூலகத்தில் கிடைத்தால், முதலில் அந்த வானத்தை நோக்குங்கள். கீழே அத்தனையும் சிதைந்து கிடக்க, அது மட்டும் களங்கமின்றி இருக்கிறது. அது ஆறுதலா, அன்றி அலட்சியமா என்பதை உங்கள் கண்ணே தீர்மானிக்கட்டும்.