காத்மாண்டுவில் விழுந்த நான்கு கோல்கள்



1984 செப்டம்பர். காத்மாண்டு தசரத் அரங்கம். முதல் தெற்காசியக் கூட்டமைப்புப் போட்டி. சாஃப் கேம்ஸ் என்று சொன்னால் இங்கே பலருக்குச் சட்டென்று பிடிபடும். ஏழு நாடுகள் வந்தன. விளையாட்டுகளோ ஐந்தே ஐந்து: தடகளம், நீச்சல், கால்பந்து, குத்துச்சண்டை, பளுதூக்குதல்.

ஒன்றைக் கவனியுங்கள். சார்க் அமைப்பு டாக்காவில் பிறந்தது 1985 டிசம்பரில். அதற்கு ஓராண்டுக்கு முன்பே வீரர்கள் ஒரே மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். தலைவர்கள் கைகுலுக்க வருவதற்குள் இவர்கள் வியர்த்துக் குளித்தே முடித்துவிட்டார்கள்!

கால்பந்துக்கு வருகிறேன். இந்தியா அணி அனுப்பவில்லை. லீக் ஆட்டத்தில் நேபாளத்தை வங்கதேசம் 5-0 என்று துவைத்து எடுத்தது. சொந்த ஊரில், சொந்த சனத்தின் கண்ணெதிரே! இறுதியாட்டத்தில் மறுபடியும் அதே வங்கதேசம். ஐந்து கோல் வாங்கியவனுக்கு அன்றைக்குக் கால் நடுங்கியிருக்க வேண்டாமா? 4-2. தங்கம் நேபாளத்துக்கு.

"அட, அது சின்னப் போட்டி சார். பதக்கத்தையெல்லாம் இந்தியா மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும்" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. பட்டியலில் முதலிடம் நமக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் மூட்டை கட்டியவன் கதையை விட, ஒற்றைத் தங்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவன் கதைதான் எனக்குப் பெரிது.

ஷா ஆலம் என்று ஒருவர். வங்கதேசத்து ஓட்டக்காரர். 1985இல் டாக்காவில் 100 மீட்டர் தங்கம் அவருக்கு. சொந்த மண், கூட்டம் தூக்கிவிட்டது என்பீர்கள். 1987இல் போட்டி கல்கத்தாவுக்கு வந்தது. இந்திய மண்ணிலும் அதே 100 மீட்டர், அதே ஷா ஆலம்! ஆசியப் போட்டியில் ஜப்பானும் சீனாவும் ஓடுகிற வரிசையில் அவர் பெயர் நமக்குக் கேட்டிருக்குமா? தெற்காசியாவின் வேகமான மனிதர் என்று ஒரு பட்டம் இருந்ததே இந்தப் போட்டியால்தான். 1990இல் சாலை விபத்தொன்றில் அந்த மனிதர் போய்விட்டார்.

1995 டிசம்பரில் அதே போட்டி நம் சென்னைக்கு வந்தது. நம் நேரு விளையாட்டரங்கத்துக்கு. அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி. பூட்டான் கொடி வந்தபோது கைதட்டியவர்கள் மட்டும் தூக்கிய கையை இறக்க வேண்டாம்.